செத்த அரசி நிமிர்த்திய செருப்பு

அரசி ஷஜருத் துர்ரை நான் மூன்று தடவை அடித்துக் கொன்றிருக்கிறேன். முதல் தடவை பள்ளிக்கூட நாடகத்தில், அடுத்தது ஒரு மட்டமான சரித்திரப் படத்தில், மூன்றாவது போன ரமலானில் வந்த தொலைக்காட்சித் தொடரில். மூன்றிலும் எனக்கு ஒரே வேடம்தான். கையில் கட்டைச் செருப்போடு ஓடிவரும் ஐந்து அடிமைப் பெண்களில் இடப்பக்கம் கடைசியாக நிற்பவள். வசனம் கிடையாது. முப்பது வருஷமாகக் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறவளுக்கு வசனத்தை யார் தூக்கிக் கொடுக்கப்போகிறார்கள்?

அந்த அம்மாள் கெய்ரோவை எண்பது நாள் ஆண்டவள். சிலுவைப் போருக்கு வந்த பரங்கியர் படை வாசலில் நிற்கும்போது அவள் புருஷன், சுல்தான், கூடாரத்திலேயே செத்துப்போனான். இவள் செய்தியை வெளியே விடவில்லை. வேளாவேளைக்குக் கூடாரத்துக்குள் சாப்பாடு அனுப்பி, சுல்தான் படுத்திருக்கிறார் என்று படையை நம்பவைத்துப் போரை ஜெயித்தாள். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டே விஷயம்தான் சொல்வார்கள். இரண்டாம் புருஷனின் மூத்த பெண்டாட்டி ஏவிவிட்ட பெண்கள் அவளைக் கட்டைச் செருப்பால் அடித்தே கொன்றார்கள் என்பது ஒன்று. அந்தச் சந்தோஷத்துக்கு மூத்தவள் பாலும் ரொட்டியும் முந்திரியும் போட்டு ஓர் இனிப்புச் செய்து ஊருக்கே பங்கு வைத்தாள் என்பது மற்றொன்று. அவள் பேரைச் சொல்லித்தான் இன்றைக்கும் அந்த இனிப்பை உம்மு அலீ என்று கேட்டு வாங்கித் தின்கிறோம். நானும் தின்பேன். ருசியாகத்தான் இருக்கும்.

உம்மு ரகப் எனக்கு இருபது வருஷத் தோழி. ஸமீஹா என்பது அவள் பெயர். ஆனால் மகன் ரகப் பிறந்த நாளிலிருந்து ரகபின் தாய் என்றுதான் எல்லோருக்கும் வாயில் வரும். அவளும் என்னைப் போலக் கூட்டத்தில் நிற்கிறவள்தான். சந்தையில் காய் வாங்குகிறவள், சாவு வீட்டில் அழுகிறவள், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவள். எத்தனையோ படத்தில் இருந்திருக்கிறாள், எதிலும் அவள் முகம் இருந்ததில்லை.

ரகப் மூன்று வருஷத்துக்கு முன்பு வீட்டைவிட்டுப் போய்விட்டான். கடல் தாண்டி இத்தாலி போகப்போகிறேன் என்று நின்றான், இவள் கூடாது என்றாள், சண்டை. லிபியா வரைக்கும் சேர்ந்து போனதாக ஒருத்தன் வந்து சொன்னான். அதற்கப்புறம் சத்தமே இல்லை. ஆனால் அவள் ஒருநாளும் மகன் செத்துவிட்டதாகச் சொன்னதில்லை. அதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது.

"அவன் எங்கடி பேசுவான்? என் போன் நம்பர் அவன் பேர்ல இருந்துச்சு. போன் தொலைஞ்சதும் அதே நம்பரக் குடுங்கன்னு போய்க் கேட்டா, பேருக்குச் சொந்தக்காரன வரச் சொல்லுன்னுட்டானுங்க. வீட்டத் தேடி வரலாம்னா நம்ம முடுக்கையே இடிச்சு ரோடு போட்டாச்சு. புள்ள அந்தப் பழைய நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பான், பாவம்."

நான் வாயை மூடிக்கொள்வேன். பொதுவாக எனக்கு அது வராத காரியம்.

இப்போது நாங்கள் இருவரும் முகத்தம் மலையடிவாரத்துப் புதுக் குடியிருப்பில், ஒரே மாடியில், எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். அவள் வீட்டு வாசலில் ஒரு ஜோடி நீல நிற ஆம்பிளைச் செருப்பு எப்போதும் கிடக்கும். தனியாக இருக்கிற பொம்பளைகள் திருடனுக்குப் பயந்து அப்படிப் போட்டுவைப்பது உண்டு. நானும் என் செத்துப்போன புருஷனின் ஷூவைப் போட்டுவைத்திருக்கிறேன்.

தொடரில் கதாநாயகிக்குச் சாகப் பிடிக்கவில்லை. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த நேரத்தில் மையத்தாக, பிணமாகப் படுத்தால் ஆகாது என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பதிலாகப் படுக்க, அதே மூக்கும் தாடையும் உள்ள ஒருத்தியைத் தேடினார்கள். துணை இயக்குநர் ஹாதிம் எங்கள் வரிசையில் நடந்து வந்து உம்மு ரகபின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"முகம் தெரியுமா, உஸ்தாத்?" என்று இவள் கேட்டாள்.

"ரத்தத்தோட ஒரு பக்கம் தெரியும். மூணு எண்ணுற நேரம். வயசாயிருச்சு, அடி பட்டிருக்கு, யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

"முழுசாத் திருப்புனா?"

"ஆசையப் பாரு! சரி, பாப்போம்."

அன்றைக்கு முழுக்க அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். "தஹானி, நோன்பு மாசத்துல நம்ம ஆளுங்க எந்த நாட்டுல இருந்தாலும் தொடர் பாப்பானுங்கடி. ரோம்ல இருந்தாலும் பாப்பான். என் மூஞ்சியப் பாத்தா போதும், உம்மா உயிரோட இருக்கா, இந்தத் தொடர்க்காரங்கிட்டக் கேட்டா ஆள் கெடைக்கும்னு அவனுக்குத் தெரியாதா?" என்றாள். "நீ ரத்தத்தோட செத்துக் கெடக்கிறதப் பாத்தா உயிரோட இருக்கேன்னு நெனைப்பான், நல்ல கூத்து" என்று நான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

படப்பிடிப்பு நோன்பு மாதம் பிறந்த பிறகும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்த் தொடர்கள் எல்லாமே அப்படித்தான், முன்பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பாதியை எடுப்பார்கள். சாவுக் காட்சிக்கு விளக்கு வைத்து முடிக்கவே பொழுது இறங்கிவிட்டது. நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்குக்குக் கொஞ்ச நேரம்தான். யார் வாயிலும் எச்சில் இல்லை, யார் கண்ணும் கேமராவில் இல்லை. தக்கையில் செய்து சாயம் பூசிய செருப்புகளை எங்கள் கையில் கொடுத்தார்கள். சத்தத்துக்காக என்னிடம் மட்டும் நிஜக் கட்டையில் செய்ததைக் கொடுத்து, தரையில் அடி என்றார்கள்.

"நல்லா ஓங்கி அடிங்கடி. பூனைக்குட்டி மாதிரி அடிச்சீங்கன்னா மறுபடி எடுப்பான்" என்று உம்மு ரகப் கீழே படுத்தபடி எங்களிடம் கிசுகிசுத்தாள்.

அடித்தோம். ஐந்து பேரும் கத்தினோம். வியர்வையில் என் கையிலிருந்த செருப்பு நழுவித் தெறித்து, அவள் தலைக்குப் பக்கத்தில் போய்க் கவிழ்ந்து விழுந்தது. அடிப்பாகம் மேலே பார்த்துக்கொண்டு. கேமரா அவள் முகத்துக்கு இறங்கியது. ஹாதிம் சொன்னதைவிட அதிகமாகவே முகத்தைத் திருப்பி, கண்ணைத் திறந்தபடி, அழகாகச் செத்துக் கிடந்தாள்.

கவிழ்ந்த செருப்பை அப்படியே விட்டுவைக்கிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. படைத்தவனைப் பார்த்துப் பாதத்தைக் காட்டுவது போல் ஆகிவிடும். தெருவில் யாருடையதோ கிடந்தாலும் காலால் தட்டி நிமிர்த்திவிட்டுத்தான் போவோம். செத்த அரசியின் கண் மெல்ல அந்தச் செருப்புப் பக்கம் போனது. அப்புறம் கை நீண்டது. விரல் நுனியால் செருப்பை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கை தன் இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி செத்தது.

நான் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். எனக்கு இடுப்பு வலி, தொண்டை வறண்டு கிடந்தது, பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டது. "முடிஞ்சது!" என்று யாரோ கத்தினார்கள், எல்லோரும் பேரீச்சம்பழத்தைத் தேடி ஓடினோம். தயாரிப்பாளர் தமாஷுக்காகத் தட்டுத்தட்டாக உம்மு அலீ அனுப்பியிருந்தார். கன்னத்தில் சிவப்புச் சாயத்தோடு உம்மு ரகபும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். தன் சாவுக்குத் தானே இனிப்புத் தின்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

இருபத்தேழாம் நாள் அது ஒளிபரப்பானது. என் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். முகம் முழுசாக வந்தது, மூன்று எண்ணுவதற்கும் அதிகமாகவே. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாத்திருப்பான்டி, பாத்திருப்பான்" என்று என் தோளில் விழுந்து அழுதாள். அவசரத்தில் வெட்டி ஒட்டியவர்கள் கையையும் அப்படியே விட்டிருந்தார்கள்.

விடிவதற்குள் அந்தக் கை நாடு முழுக்கப் போய்விட்டது. செத்த அரசி செருப்பை நிமிர்த்தும் துண்டை வெட்டிப் பாட்டுப் போட்டு அனுப்பினார்கள். 'உசிரே போனாலும் எங்க உம்மா வீட்ட ஒதுங்க வெச்சுட்டுத்தான் போவாங்க' என்று எழுதினார்கள். அவள் முகம் போனில் அனுப்புகிற பொம்மைப் படமானது. பரீட்சையில் தோற்றவன், காதலி விட்டுப்போனவன், சம்பளம் வராதவன் எல்லாரும் அந்தப் படத்தைப் போட்டார்கள். தெருவில் பிள்ளைகள் ஒருத்தியைப் படுக்கவைத்துச் செருப்பால் அடிக்கிற மாதிரி அடித்து, அவள் நிமிர்த்தியதும் கைதட்டினார்கள். ஒரு சரித்திரப் பேராசிரியர் தொலைக்காட்சியில் வந்து, பரங்கியரை முறியடித்த அரசியைக் கோமாளியாக்கிவிட்டார்கள் என்று கண்கலங்கினார். அவர் அழுத முகத்துக்குப் பக்கத்தில் இவள் கையை ஒட்டி அதையும் அனுப்பினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு வரவில்லை. "சிரிக்கட்டும், அனுப்பட்டும். அத்தன போனுக்கும் போவுது பாரு. அவன் போனுக்குப் போகாமயா இருக்கும்?" என்றாள்.

பெருநாள் முடிந்த மறுநாள் இணையத்தில் பேட்டி எடுக்கிற ஒருத்தன் அவளைத் தேடி வந்தான். செருப்பை ஏன் நிமிர்த்தினீர்கள் என்று சிரிக்கச் சிரிக்கக் கேட்டான். அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்து, திடீரென்று கேமராவை நேராகப் பார்த்தாள். "ரகப், உம்மாவோட நம்பர் மாறிப்போச்சுப்பா. எழுதிக்க" என்று ஒவ்வொரு எண்ணாக இரண்டு தடவை சொன்னாள். நான் கதவோரம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. பேட்டிக்காரனும் நம்பரை வெட்டாமல் போட்டான்.

அன்று மாலையே போன் அடிக்கத் தொடங்கியது. "உம்மா, நான்தான் ரகப்!" என்று குரலை மாற்றிப் பேசுவான் ஒருத்தன். பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்கும். "உம்மா, கடல்ல முங்கிட்டேன், ஒரு செருப்பு மெதந்துக்கிட்டு இருக்கு, நிமித்தவா?" என்பான் இன்னொருத்தன். ஒரு பெண் பிள்ளை, பதினைந்து வயதுகூட இருக்காது, "உங்க மருமக பேசுறேன்" என்றாள். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது. ஒவ்வொரு தடவையும் இவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ரகப்?" என்பாள். அவன் இல்லை என்று தெரிந்த பிறகும் திட்ட மாட்டாள். "சாப்பிட்டியாப்பா? சரி, வெச்சுடு, என் புள்ள கூப்பிடுற நேரம்" என்பாள்.

"நம்பர மாத்திடுக்கா. இல்லன்னா நானே அந்தப் போன நைல்ல தூக்கி எறிஞ்சிடுவேன்."

"மூணு வருஷம் அவனுக்குத் தெரிஞ்ச நம்பர் இல்லாம கெடந்தேன்டி. இன்னொரு தடவ மாத்தச் சொல்றியா?"

"நீ துரும்பாப் போயிட்ட. கண்ணாடியில பாத்தியா?"

"உன் வாய் இருக்கே!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுகைக்கு அவள் உள்ளறையில் நின்றிருந்தாள். நான் அவள் அடுப்பில் முலூக்கியாக் கீரையைக் கிண்டிக்கொண்டிருந்தேன். சோபாவில் போன் அடித்தது. நம்பர் எதுவும் காட்டவில்லை. அப்படி நம்பரை மறைத்துக்கொண்டு கூப்பிடுகிறவர்கள்தான் எல்லாரிலும் மோசம். தொழுகையில் அவள் முணுமுணுப்பு தடுமாறுவது எனக்குக் கேட்டது. எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பேசினேன்.

கரகரவென்று இரைச்சல். அப்புறம் ஒரு ஆண் குரல், தயங்கித் தயங்கி. "உம்மா இருக்காங்களா?"

"யாருடா நீ?"

"நான் கவுத்துப் போட்டுட்டு வந்த செருப்ப அவங்க நிமித்தி வெச்சாங்களா? அதக் கேக்கணும்."

செருப்பு! இன்னும் அந்தச் செருப்பு. எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பதினைந்து நாளாக அடக்கிவைத்திருந்த அத்தனையும் வெளியே வந்தது.

"நாயே! உனக்கெல்லாம் தாய் ஒருத்தி இருக்காளாடா? அந்தப் பொம்பள செத்துட்டா. உங்கள மாதிரிப் பசங்க கூப்பிட்டுக் கூப்பிட்டே சாகடிச்சுட்டீங்க. சந்தோஷமா?"

"செத்துட்டாங்களா?" குரல் தேய்ந்தது. "எப்ப?"

"பெருநாளுக்கு அடுத்த வாரம். இமாம் ஷாஃபிஈ பக்கம் அடக்கம் பண்ணியாச்சு. கபர்ல போய்ச் சிரி, போ. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிட்ட, போலீஸ்ல குடுத்துடுவேன்."

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் ஒன்று கேட்டது. சிரிப்பை அடக்குகிறான் என்று நினைத்தேன். லைன் அறுந்தது. நான் கரண்டியை எடுத்துக் கீரையைக் கிண்டினேன். மனசுக்குள் எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். இதைச் சொன்னால் ஒருத்தனாவது அடங்குவான், முன்னாடியே தோன்றாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன்.

அவள் தொழுத முக்காட்டோடே ஓடிவந்தாள். "யாருடி?"

"யாரு? எல்லாம் அந்தப் பயலுகதான். போய்த் தொழுதுட்டு வா, சாப்பிடலாம்."

அதற்கு அடுத்த வாரம் படிக்கட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். வாசலில் கிடந்த நீலச் செருப்பை அவள் எடுத்து, ஈரத் துணியால் ஓரம் ஓரமாகத் துடைத்தாள். பிள்ளையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி இருந்தது.

"திருடனுக்குப் போட்டு வெச்சிருக்கிற செருப்புக்கு இத்தன உபசரணையா?" என்றேன்.

"திருடனுக்கா? இது ரகபோடதுடி." துடைப்பதை அவள் நிறுத்தவில்லை. "உங்கிட்டச் சொன்னதில்ல. யாருகிட்டயுமே சொன்னதில்ல, வெக்கமா இருந்துச்சு. அன்னிக்குச் சண்ட போட்டுக்கிட்டுப் போறப்ப புது ஷூவ மாட்டுனான். இதக் கழட்டி, என் கண்ணப் பாத்துக்கிட்டே, வாசப்படியில கவுத்துப் போட்டான். வேணும்னே. எனக்குப் பொறுக்காதுன்னு அவனுக்குத் தெரியும்ல? 'என்னப் போக விடுறதா இருந்தா நீயே நிமித்தி வெய்யி, இல்லன்னா இப்படியே கெடக்கட்டும்'ன்னான். எனக்கும் வீம்பு. நிமித்தல. ஒரு ராத்திரி பூரா கவுந்தே கெடந்துச்சு. ஆயுசுல அந்த ஒரு தடவதான். காலையில எந்திரிச்சு நிமித்தி வெச்சேன், அதுக்குள்ள அவன் ஊரத் தாண்டிப் போயிட்டான்." செருப்பை ஜோடி சேர்த்து, முன்பக்கம் வீட்டைப் பார்க்க வைத்தாள். "அன்னிக்குச் செட்டுல என் கை தானாப் போச்சு. இதுதான் கண்ணுக்குள்ள வந்துச்சு. என் உசிரே போனாலும் இனி ஒண்ணக் கவுந்து கெடக்க விடமாட்டேன்."

என் கையிலிருந்த வாளி படியில் உருண்டு போனது. "என்னடி ஆச்சு?" என்றாள். தலை சுற்றுகிறது என்றேன். அது பொய் இல்லை.

அன்றைக்கே அவள் போனை ரிப்பேருக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். நம்பர் காட்டாத அழைப்பு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசிக் கடைக்காரன், "வேண்டியவங்கன்னா மறுபடி கூப்பிடுவாங்க, விடுங்கம்மா" என்றான். மறுபடி எப்படிக் கூப்பிடுவான்? செத்தவளைக் கூப்பிடுகிறவன் உண்டா? எங்கோ ஒரு நாட்டில் ஒரு பிள்ளை, செத்தவர்களுக்கு ஓதுகிற யாஸீனைத் தன் தாய்க்கு ஓதிக்கொண்டிருக்கிறான். அவன் உயிரோடு இருக்கிறான் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். அதை அவளிடம் சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

பத்துத் தடவை சொல்லப் போனேன். வாசல் வரை போய், அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இத்தனை பெரிய வாய், எதற்கும் அடங்காத வாய், இதற்குத் திறக்கவில்லை. அந்த அரசி செத்துப்போன ஒருத்தனை ஒரு படைக்காக உயிரோடு வைத்திருந்தாள். நான் உயிரோடு இருக்கிறவளை அவள் மகனுக்குக் கொன்று வைத்திருக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் ஊர் வேறு சிரிப்புக்குப் போய்விட்டது. பயல்கள் கூப்பிடுவது குறைந்து, ஒருநாள் அறவே நின்றது. அவளுக்கு அதுதான் பயமாகிவிட்டது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாலையானால் எதிர் வீட்டிலிருந்து குரல் வரும்.

"தஹானி, என் போன் வேல செய்யுதான்னு ஒரு அடி அடிச்சுப் பாரேன்."

நான் அடிக்கிறேன். என் பெயர் திரையில் வரும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அவள் பார்ப்பதில்லை. அவள் பதறி எழுந்திருக்கிற சத்தம் இங்கே எனக்குக் கேட்கும். எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ரகப்?" என்பாள்.

"நான்தான்க்கா" என்று சொல்கிறேன். தினமும் சொல்கிறேன்.